நாலு வயது மகளுக்கு மாறுகண்: பொறுக்கலாமா, உடனே ஆபரேஷனா?

நிலா_அம்மா

வணக்கம். மகளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு எடுத்த போட்டோவில்தான் அவளுடைய இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருப்பதைக் கவனித்தோம். தூரத்தில் பார்க்கும்போது அவ்வளவாகத் தெரியாது. படம் வரையக் குனிந்தால் நன்றாக உள்ளே போகிறது.

டாக்டரிடம் காட்டினோம். சொட்டு விட்டு உட்காரவைத்துப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் ப்ளஸ் 4.5 பவராம். இடது கண்ணில் பார்வையும் கொஞ்சம் குறைவாம். "முதலில் கண்ணாடி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு நல்ல கண்ணை மூடிப் பயிற்சி. அப்புறமும் மிச்சம் இருந்தால் தசையில் ஆபரேஷன்" என்றார். வெளியே கூட்டம் நின்றதால் மேலே எதுவும் கேட்க முடியவில்லை.

வீட்டுக்காரரின் அம்மா, "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும், பெண் பிள்ளைக்கு இப்போதே கண்ணாடி மாட்டாதே" என்கிறார். வீட்டுக்காரர் நேராக ஆபரேஷனே செய்துவிடலாம் என்கிறார். கண்ணை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அது உண்மையா? கண்ணாடி போட்டே கண் நேராகுமா? பத்து வயது வரை பொறுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல்

சகோதரி, பொறுக்காதீர்கள்.

எனக்கு இப்போது 41. திண்டுக்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலேயே என் வலது கண் வெளிப்பக்கம் ஒதுங்கும். எங்கள் வீட்டிலும் அதிர்ஷ்டம் என்றார்கள், பள்ளியில் ஒன்றரைக் கண்ணன் என்றார்கள். கடை வைத்த பிறகும் அளவு எடுக்க வந்தவர்களிடம் பேசினால், அவர்கள் தங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

பதினோரு வயதில், பள்ளிக்கு வந்த கண் முகாமில் இடது கண்ணை மூடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. அன்றுவரை அது எனக்கே தெரியாது. கண்ணில் பூ இல்லை, புரை இல்லை. அந்தக் கண் அனுப்பும் படத்தை ஒதுக்கி ஒதுக்கியே மூளை பழகிவிட்டது. சோம்பேறிக் கண் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்காது. அதற்கு வேலை கொடுக்க வேண்டிய வயதில் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நல்ல கண்ணை மூடும் பேட்சை ஒரு வருஷம் ஒட்டியதில் ஒரு வரி கூடுதலாகப் படித்தேன். அதற்கு மேல் நகரவில்லை.

33 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டேன். கண்ணை வெளியே எடுக்க மாட்டார்கள், அதை நினைத்துப் பயப்படவே வேண்டாம். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்து அசைக்கின்றன. வெள்ளை விழியின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வை ஓரமாகத் திறந்து வேண்டிய தசையை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வெளிப்பக்கத் தசையைக் கழற்றி 7 மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைத்தார்கள். மூக்குப் பக்கத் தசையில் 5 மில்லிமீட்டர் வெட்டிச் சுருக்கினார்கள். ஒரு பக்கம் லூஸ் விட்டு மறுபக்கம் பிடித்துத் தைக்கிற வேலை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மாதிரி பெரியவர்களுக்கு முடிச்சை இறுக்காமல் விட்டு வைப்பதும் உண்டு. மறுநாள் காலை கட்டைப் பிரித்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, எதிர்ச் சுவரில் ஒரு சின்ன வெளிச்சத்தைப் பார்க்கவைத்து முடிச்சைச் சரிசெய்தார் டாக்டர். வலி இல்லை, வயிற்றைத்தான் பிரட்டியது.

கண் நேரானது. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். ஆனால் போன பார்வை வரவில்லை. ஆபரேஷன் கண்ணை நேராக்கும், பார்வையைச் சின்ன வயதில் நாம்தான் காப்பாற்ற வேண்டும். இன்றைக்கும் டீ ஊற்றும்போது ஃபிளாஸ்க்கை டம்ளர் விளிம்பில் முட்டவைத்துத்தான் ஊற்றுகிறேன், தூரம் பிடிபடாது. உங்கள் பெண்ணுக்கு நாலு வயது. அந்த நாலு வயது எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்றால் இந்தக் கடையை எழுதிக் கொடுப்பேன்.

மாறுகண்_பிரிவு

மாறுகண் பிரிவில் பன்னிரண்டு வருடம் பரிசோதனை வேலை பார்த்தவள் நான். உங்கள் டாக்டர் சொன்ன வரிசை சரியானது.

ப்ளஸ் பவர் உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை அளவுக்கு மீறி முடுக்குகிறது. அந்த முடுக்கலோடு சேர்ந்தே இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பும், அது நம் எல்லோருக்கும் உள்ள இயல்பு. அதனால்தான் கிட்டத்தில் பார்க்கும்போது அதிகமாகத் தெரிகிறது. முடுக்குகிற வேலையைக் கண்ணாடி எடுத்துக்கொண்டால் சில குழந்தைகளுக்குக் கண் முழுக்க நேராகிவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஆபரேஷன் செய்தால் பின்னால் கண் வெளிப்பக்கம் போய்விடலாம். கண்ணாடி போட்டும் உள்ளே நிற்கிற மிச்சத்துக்கு மட்டும்தான் ஆபரேஷன். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றியதும் கண் மறுபடி உள்ளே போகும், அதைப் பார்த்துக் கண்ணாடி கெடுத்துவிட்டது என்று பயந்து நிறுத்துகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேட்ச் ஒட்டச் சொன்னால் தோலிலேயே ஒட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டினால் குழந்தை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். நாள் முழுக்க மூட வேண்டுமோ என்று கலங்காதீர்கள். மிதமான குறைவு உள்ள குழந்தைகளுக்குத் தினம் 2 மணி நேரம் மூடியதும் 6 மணி நேரம் மூடியதும் நாலு மாதத்தில் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாக 2003-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. உங்கள் மகளுக்கு எவ்வளவு நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. மாறுகண்ணோடு கருவிழி நடுவில் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். அது கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம்.

வடமராட்சியான்

எங்கள் பக்கம் வாக்குக்கண் என்போம். மகனுக்கு ஐந்து வயதில் சத்திரசிகிச்சை, முழு மயக்கத்தில். பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். கண் மூன்று கிழமை சிவந்திருந்தது. ஒன்பது வயதில் திரும்பக் கொஞ்சம் விலகி, இரண்டாம் தடவையும் செய்தோம். அப்படி நடக்கலாம் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தபடியால் மனம் உடையவில்லை. நீங்களும் அதைக் கேட்டு வையுங்கோ.

நிலா_அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஊசிநூல் அண்ணா எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். டீ ஊற்றுகிற இடம் வந்ததும் "போதும், நிறுத்து" என்றார். நேற்று அவரே கூட வந்து சிவப்பு ஃபிரேம் எடுத்தார், பின்னால் எலாஸ்டிக் கயிறு வைத்தது. முதல் அரை மணியில் நாலு தடவை கழற்றி எறிந்தாள். இன்று காலை கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குனிந்து பார்த்தேன், கண் கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது. திங்கள்கிழமை ஸ்கூல். மிஸ்ஸிடம் என்ன சொல்லி அனுப்புவது?

மாறுகண்_பிரிவு

விளையாடும்போதும் கழற்றிப் பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் கேட்டால் மிஸ்ஸே முதலில் பதில் சொல்லட்டும், அவளைச் சொல்லவைக்க வேண்டாம்.