எட்னாவின் 21 மீட்டர் சுவர் தோற்றதா?

கரிசல்காடன்: "எரிமலைக் குழம்புக்கு மண்சுவர் கட்டுவது கடலில் கரைத்த பெருங்காயம், 1992இல் இத்தாலியின் எட்னா எரிமலையில் கட்டியதே சாட்சி" என்று மேலே ஒருவர் தீர்ப்பெழுதியிருப்பதைக் கண்டு எரிச்சல்தான் வந்தது. சஃபெரானா ஊரைக் காக்க அந்த ஜனவரியில் எழுப்பிய சுவரின் நீளம் 234 மீட்டர், உயரம் 21 மீட்டர். நேரே ஊரை நோக்கிப் போயிருக்க வேண்டிய குழம்பு அதன் பின்னால் தேங்கி, பக்கவாட்டில் பரந்து, ஏடு கட்டி இறுகியது. இதுவா வீண்?

நீரோட்டம்: தீர்ப்பெழுதியவன் நானே. ஏப்ரலில் குழம்பு சுவரைத் தாண்டியதா, இல்லையா?

கரிசல்காடன்: 21 மீட்டர் ஏறிய பிறகு தாண்டியது. சோற்றில் குழி பறித்து ரசம் ஊற்றி உண்ணும் எவருக்கும், கரை உடைவதும் குழி நிரம்பி வழிவதும் வேறுவேறு என்பது தெரியும். அந்தத் தாமதம் கிடைத்ததால்தான், மே 27இல் மலையின் மேற்பகுதியில் 7 டன் வெடிமருந்து வைத்து குழம்பு ஓடிய ஓடையின் கரையைத் தகர்த்து, குழம்பைப் புதிதாக வெட்டிய வாய்க்காலுக்குத் திருப்ப முடிந்தது.

நீரோட்டம்: அப்படியானால் ஊரைக் காத்தது வெடிமருந்து, சுவரன்று. தேனின் பாகுத்தன்மை பற்றிய பழைய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் நழுவினீர்கள்.

கரிசல்காடன்: தேனும் தண்ணீரும் ஒரே வேகத்தில் வழியும் என்று அங்கே எழுதிய மேதை யார் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

செங்கல்: இருவரும் 'குழம்பு' என்றே எழுதுவதைப் பார்த்தால் பசிக்கிறது; 'லாவா' என்றால் என்ன குறைந்துவிடும்? ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரையும் பாருங்கள். 2024 ஜனவரி 14 அன்று ஊரைக் காக்கக் கட்டிய தடுப்புக்கு உட்புறமே ஒரு பிளவு திறந்து, மூன்று வீடுகள் எரிந்தன.

நீரோட்டம்: நன்றி. சாட்சி இரண்டாயிற்று.

கரிசல்காடன்: வீட்டுக்குள்ளேயே ஊற்றெடுத்தால் வாசற்படி என்ன செய்யும்? அதே நாளில் வெளியே திறந்த பெரிய பிளவின் குழம்பை அதே தடுப்புதான் ஊரிலிருந்து விலக்கியது. 1973இல் ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் கடல்நீரைப் பீய்ச்சிக் குழம்பின் முகப்பை இறுக வைத்தபோது, உறைந்த குழம்பே பின்னால் வந்ததற்கு அணையாகித் துறைமுகம் பிழைத்தது. தடை என்றாலே முற்றாக நிறுத்துவது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

நீரோட்டம்: ஹெய்மேயில் சுவர் தாண்டப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. எட்னாவில் தாண்டியது.

கரிசல்காடன்: 21 மீட்டர் ஏறிய பிறகு.

நீரோட்டம்: தாண்டியது.