நியர் மிஸ்: 'அருந்தப்பு' என்று வைக்கலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அரை நாள் பாதுகாப்புப் பயிற்சி. அதற்கான கையேட்டையும் படிவங்களையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'இன்டக்சன்' என்ற சொல்லின் பிரச்சினை தீர்ந்தது. புகுமுகப் பயிற்சி என்றே போட்டுவிட்டேன். பழைய கோப்பில் கிடந்த 'தூண்டல் பயிற்சி'யைப் பார்த்தால் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் மின்காந்தத் தூண்டல் என்று நினைத்துச் சுருளையும் காந்தத்தையும் தேடுவார்கள். இப்போது இழுபடுவது 'நியர் மிஸ்': விபத்தாகியிருக்க வேண்டியது, யாருக்கும் காயமில்லாமல் மயிரிழையில் தப்பிப்போவது.

தமிழ் எழுத்தில் 'நியர் மிஸ்' என்று போட்டு ஒருமுறை பார்த்தேன். "எந்த மிஸ் சேர்?" என்று ஒரு தம்பி கேட்டான். பள்ளிக்கூடம் விட்டு ஆறு மாதம் ஆகவில்லை; அவனுக்கு மிஸ் என்றால் வகுப்பெடுக்கிறவ.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. மேல்தட்டில் நின்றவரின் கையிலிருந்து 24ஆம் நம்பர் ஸ்பனர் ஒன்று நழுவி, கீழே நின்ற மூதூர்ப் பெடியனின் தோளுக்கு ஒரு சாண் தள்ளியிருந்த பீப்பாயில் விழுந்தது. மூடியில் பெருவிரல் புதைகிற அளவுக்குப் பள்ளம். அவன் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தான். பின்னேரம் படிவத்தைக் கொடுத்தேன். 'என்ன நடந்தது?' என்ற இடத்தில் எழுதியிருந்தான்: "ஒண்டும் நடக்கல்ல."

அவன் பொய் எழுதவில்லை. நடந்ததற்கு அவனிடம் ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உயிரிழப்பையும், மூன்று நாளுக்கு மேல் ஆளை வேலைக்கு வரவிடாத காயத்தையும் அறிவிக்கச் சொல்கிறது. பீப்பாயில் விழுந்த ஸ்பனர் அந்தக் கணக்கில் வராது. 1931இல் ஹைன்றிச் என்ற அமெரிக்கக் காப்புறுதிக்காரர் ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயம், காயமே இல்லாத சம்பவம் 300 என்று எழுதினார். 1969இல் பேர்ட் என்ற இன்னொரு காப்புறுதிக்காரர் அந்தக் கடைசி எண்ணை 600 ஆக்கினார். எண்களைப் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு எண் முக்கியமில்லை. அந்த ஒரு சாண்தான் முக்கியம்.

இனி, வந்த முன்மொழிவுகள்.

> 'அண்மித்த தவறு' எப்படி?

மன்னிக்கவேணும் அண்ணை, இது கணினி பெயர்த்த மாதிரி இருக்கிறது. தவறு என்று தலைப்பில் கண்டால் 'என்னில் பிழை பிடிக்கப் போகினம்' என்று பேனையை மூடிவிடுவார்கள்.

> 'தவிர்ந்த விபத்து' இலக்கணப்படி சரி. தவிர்த்தது அல்ல, தானாகத் தவிர்ந்தது.

ரீச்சர், தன்வினை பிறவினை நுட்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'ஞாயிறு தவிர்ந்த ஏனைய நாட்களில்' என்று அறிவித்தல் பலகையில் தினமும் படிக்கிற ஊர் இது. 'தவிர்ந்த விபத்துக்களை அறிவிக்கவும்' என்றால் விபத்தைத் தவிர மற்றதை எல்லாம் அறிவிப்பார்கள்.

என் தெரிவு அருந்தப்பு. புதிதாக ஒன்றும் படைக்கவில்லை. பஸ் தடம்புரண்டால் 'பயணிகள் அருந்தப்பில் உயிர் தப்பினர்' என்று நம்முடைய பத்திரிகைகள் எழுதுகிற அதே சொல்தான். கிண்ணியாவிலும் விளங்கும், உப்புவெளியிலும் விளங்கும். அருந்தப்புப் படிவம், அருந்தப்புப் பதிவேடு என்று தடையில்லாமல் ஒட்டவும் செய்கிறது. தரையில் சிந்திய எண்ணெய் இடர். அதில் வழுக்கிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டால் அருந்தப்பு. விழுந்து முழங்கை உரஞ்சினால் விபத்து. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டியபோது யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டு மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் 'தப்பு' என்றால் குற்றம். அதை நாம் 'பிழை' என்போம்; நமக்குத் தப்பு என்றால் தப்புதல். ஆனாலும் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பொருளும் காதில் விழத்தான் செய்யும். மற்றது, இரவில் ஆளில்லாத இடத்தில் ஸ்பனர் விழுந்தால் தப்பியது யார்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அங்கேயும் ஒரு ஆள் நின்றிருக்கலாம் என்று வைத்து அருந்தப்பு என்றே எழுதச் சொல்வேன். சரியாகப் படாதவர்கள் வேறு சொல் தாருங்கள்.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று சொல்லிக் கோணேசருக்குத் தேங்காய் உடைக்கிறதை நான் தடுக்கப் போவதில்லை. படிவத்தை நிரப்பிவிட்டுப் போய் உடைக்கட்டும்.

திங்கட்கிழமை பதினொரு பேர் வருகிறார்கள், படிவம் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதற்கேள்வியையும் மாற்றிவிட்டேன். 'என்ன நடந்தது?' என்று இருந்த இடத்தில் இப்போது 'என்ன நடக்கப் பார்த்தது?'