ரோசான் ஜெரேனியத்தைப் பிரித்து நடுவது எப்போது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் எங்கள் வீட்டின் பின்புறக் களிமண்ணில் நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்ட ‘ரோசான்’ ஜெரேனியம் குறித்து உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன். ஊட்டியில் தொட்டிகளில் ஜெரேனியம் என்று வளர்க்கப்படும் பெலர்கோனியம் அன்று இது. குளிர்காலத்தில் தரைக்கு மேல் மடிந்து, வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பல்லாண்டுச் செடி. இமயமலையைச் சேர்ந்த இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்து, 2013-இல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டு விழாச் செடியாகத் தேர்வான இவ்வகை, ஜூன் முதல் அக்டோபர் வரை ஊதா கலந்த நீலப் பூக்களை ஓயாமல் தரும் என்பதற்காகவே வாங்கினேன்.

மூன்று ஆண்டுகள் அவ்வாறே பூத்தது. சென்ற கோடையிலோ தண்டுகள் நீண்டு சரிந்து, அருகிலுள்ள ரோஜாவின் மேல் படர்ந்து (அது அழகாகத்தான் இருந்தது), நடுப்பகுதி வெறுமையாகிப் பூக்களும் குறைந்துவிட்டன. ஜூலையில் அடியொட்டி வெட்டிவிட்டு நீர் ஊற்றினால் புதுத் தழையுடன் மீண்டும் பூக்கும் என்பதை அறிவேன். எனக்குள்ள ஐயம் வேறு: விதை பிடிக்காத கலப்பினமான இதைப் பெருக்க, ஒரே மையத்தில் இறுகியிருக்கும் அடிக்கட்டையைக் கத்தியால் பிளந்தால் துண்டுகள் பிழைக்குமா, அல்லது வசந்தத்தில் அடியிலிருந்து எழும் இளந்தளிர்களை வெட்டி நட்டு வேர்பிடிக்கச் செய்வதே நல்லதா? பிளப்பதாயின் மார்ச் மாதம் ஏற்றதா? களிமண்ணில் வளர்த்துப் பழகியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.