ரிஸ்பெரிடோன்: அடங்காத பசி, ஏறும் எடை

பையனுக்கு 8 வயது, ஆட்டிசம். ஊர் திருச்சி. சுவரில் தலையை மோதிக்கொள்வதைக் குறைக்க ஜனவரியில் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை ஆரம்பித்தார்கள். இப்போது காலை, இரவு 0.5 மி.கி. மோதுவது நின்றுவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் எடை 24 கிலோவிலிருந்து 31. சாப்பிட்டு எழுந்ததுமே ஃபிரிட்ஜ் முன்னால் நிற்கிறான். பூட்டினால் கையைக் கடித்துக்கொள்கிறான். எச்சில் ஒழுகுகிறது, பள்ளியில் தூக்கம்.

சோற்றைக் குறைத்து காய், சுண்டல் கொடுத்தோம். பிஸ்கட் வாங்குவதில்லை (தாத்தா ரகசியமாகக் கொடுப்பது தனிக்கதை). டாக்டர் சொல்லி காலை டோஸைக் குறைத்ததில் மோதல் திரும்பியது, மறுபடி ஏற்றினார். சர்க்கரை, கொழுப்பு நார்மல். அடுத்து அரிபிப்ரசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றலாம் என்கிறார். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த மாட்டேன்.

இப்படி மாற்றிய பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா, உங்கள் பிள்ளைக்குப் பசி அடங்கியதா?