பரோலில் வரும் கொழுந்தன் எங்களோடு தங்கினால் என் அறையையும் சோதிப்பார்களா?

ஃப்ரீமாண்ட்வாசி:
கலிஃபோர்னியாவில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட். நான், கணவர், எட்டு வயது மகள், மாமியார். அடுத்த மாதம் கொழுந்தன் சிறையிலிருந்து பரோலில் வெளியே வருகிறார் (நம்மூர் போல் சில நாள் விடுப்பு இல்லை, அதிகாரிகளின் கண்காணிப்பில், நிபந்தனையோடு விடுதலை), எங்கள் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறார், ஹாலில் படுத்துக்கொள்வார். முகவரியைச் சரிபார்க்க வந்த அதிகாரி போகும்போது, "ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் வருவோம், வாரண்ட் தேவையில்லை" என்றார். கொழுந்தனை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, மாமியார் இந்த ஒரு நாளுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் என் பீரோவையும் குழந்தை படுக்கும் அறையையும் கிளறுவார்களா? வேண்டாம் என்று சொல்லலாமா?

தம்பிக்காரன்:
அக்கா, என் அண்ணன் பரோலில் இருந்த ஒரு வருஷமும் நாங்கள் ஒரே வீடு. முதல் தடவை காலை ஆறு மணிக்கு வந்தார்கள், நாலு பேர். கிச்சனில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, ஒருவர் பெருங்காயத் தூளைக் கையுறை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். அது என்ன என்று கேட்டபோது அம்மாவுக்கு வாயே வரவில்லை, நான்தான் சொன்னேன். அப்புறம் என் அறைக்குள்ளும் போனார்கள், ஏனென்றால் அண்ணனின் ஜாக்கெட்டுகளை நான் என் அலமாரியில் மாட்டி வைத்திருந்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

சட்டப்பிரியை:
நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வழக்கறிஞர் இல்லை. அந்த அதிகாரி சொன்னது சரிதான். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 3067-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, சந்தேகம்கூட இல்லாமல் பரோலில் இருப்பவரைச் சோதிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2006-இல் சாம்சன் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பரோல் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. அவர் படுக்கும் இடம், அவர் சாமான், ஹால், கிச்சன், பாத்ரூம் போல எல்லாரும் புழங்கும் இடம், இவற்றைத்தான் பார்க்கலாம். நீங்கள் மட்டும் புழங்கும் அறைக்கும் உங்கள் கைப்பைக்கும் பொதுவாக வாரண்ட் வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும். அவர் இஷ்டம்போல் உள்ளே வந்து போகும் அறை என்றால் அது உங்கள் அறை மட்டும்தான் என்று வாதாடுவது கஷ்டம். இன்னொன்று, தொந்தரவு கொடுப்பதற்காகவே திரும்பத் திரும்பச் சோதிக்கக் கூடாது.

மணிவண்ணன்78:
அதே 2006-இல் ஜார்ஜியா வழக்கு ஒன்று இருக்கிறதே? மனைவி சரி என்றாலும், அங்கேயே நிற்கும் கணவர் முடியாது என்றால் வீட்டைச் சோதிக்கக் கூடாது என்று தீர்ப்பு. வாசலிலேயே மறுத்துவிடுங்கள் சகோதரி.

சட்டப்பிரியை:
ஐயா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த ஜார்ஜியா தீர்ப்பு, ராண்டால்ஃப் வழக்கு, சம்மதத்தின் பேரில் நடக்கும் சோதனைக்கு, பரோல் சோதனை யாருடைய சம்மதத்தையும் கேட்டு நடப்பதில்லை. சாண்டா கிளாராவில் ப்ரொபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாக நீதிமன்றம் விதித்த கண்காணிப்பில், இருந்த மகளைத் தேடிப் போலீஸ் வந்தபோது தாய் முடியாது என்று மறுத்தார், அப்படியும் அந்தச் சோதனை செல்லும் என்று 2017-இல் கலிஃபோர்னியாவும் அடங்கிய ஒன்பதாம் சர்க்யூட் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கதவை மறித்து நின்றால் உங்கள் மேல் வழக்கு வரும், கொழுந்தனின் பரோலுக்கும் ஆபத்து. வாயால் மட்டும், தெளிவாக, "இது என் அறை, அவர் இங்கே வருவதில்லை, இதைச் சோதிக்க நான் சம்மதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். அதை மீறி உள்ளே போனால் தடுக்காதீர்கள், வந்தவர்களின் பேட்ஜ் எண், நேரம், எதைத் திறந்தார்கள் என்று எழுதி வையுங்கள், பிறகு வழக்கறிஞரிடம் கொடுக்க அதுதான் கையில் இருக்கும். வீட்டில் துப்பாக்கி ஏதாவது இருந்தால் அவர் வருவதற்கு முன் வெளியேற்றிவிடுங்கள். மற்ற மாநிலங்களில் விதி வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்காரன்:
ஆமாம், அந்த வரியை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அடுத்த தடவை சொன்னேன், என் அறைக் கதவு வரை வந்து திரும்பிப் போனார்கள். உங்கள் மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள் அக்கா, பகலில் வந்தால் வீட்டில் அவர்தானே இருப்பார்.

ஃப்ரீமாண்ட்வாசி:
ரொம்ப நன்றி. அவருக்கு ஹாலில் தனி அலமாரி வாங்குகிறேன், அவருடைய பழைய சட்டைகள் என் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன, இன்றைக்கே எடுத்துவிட்டேன். மாமியாருக்கு இங்கிலீஷ் வராது, அந்த வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகள் அவரைப் படிக்க வைக்கிறாள்.