கலைச்சொல் தேவை: சுரைக்குழலில் சுருதி மாற்றி வாசிப்பது

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சீனத்து ஹூலூசி பயிற்சி நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். யுன்னானில் தை இன மக்களின் கருவி. சுரைக்குடுவையில் செருகிய மூங்கில் குழல்கள். நடுக்குழலில் விரல் துளைகள், பக்கக்குழல் ஒரே சுரத்தை நீட்டும். அதை ஒத்துக்குழல் என்று எழுதிவிட்டேன். சிக்கல் வேறு. எல்லாத் துளையையும் மூடினால் வரும் சுரத்தை வழக்கமாக 5, அதாவது 'ப' என்று கொள்கிறார்கள். அதையே 1, 'ச' என்று கொண்டு விரல்முறையை மாற்றினால் அதே குழலில் சுருதி மாறுகிறது. இதற்கு ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு.

தமிழாசிரியர்:
'ச'வை வேறு சுரத்துக்கு நகர்த்திப் புதுப் பண் பிறப்பிக்கும் பண்ணுப்பெயர்த்தல் இருக்க வேறு சொல் எதற்கு? இளி ('ப') குரலாகிறது ('ச'), அவ்வளவுதான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆடிய ஏழு பெண்களுக்கும் குரல், துத்தம் என்று சுரப்பெயர்தானே! பெயர்த்தல் என்றாலே இடம் மாற்றுதல். குருப்பெயர்ச்சி வரை அந்த வேர் ஓடுகிறது.

குழல் ஆசிரியர்:
ஐயா, பொருந்தாது. பண்ணுப்பெயர்த்தலில் சுரங்கள் அப்படியே இருக்கும், ஆதாரம் நகரும், அதனால் பண் மாறும். நம் கர்நாடக இசையின் கிரகபேதமும் அதுவே. இங்கே பாட்டு மாறவே கூடாது. கட்டை என்பது 'ச' நிற்கும் உயரத்துக்கான எண்; 1 கட்டைக் குழலில் மூடிய சுரம் 5 கட்டை. அதை 'ச' ஆக்கினால் பழைய சுத்த மத்யமம் (தாழ்ந்த 'ம') உதவாது. அரைச்சுரம் உயர்ந்த பிரதி மத்யமம் வேண்டும். அரைத்துளையோ மாற்று விரலோ போட்டுத்தான் அதைப் பிடிக்க வேண்டும். மூடிய சுரத்தை 'ரி' ஆக்கினால் இன்னும் வம்பு: வழக்கமாக 'க'வில் நிற்கும் ஒத்து, புது 'ச'வுக்கு அரைச்சுரம் கீழே உரசும். அடைத்துவிட வேண்டியதுதான். பேசாமல் 'கட்டை மாற்றம்' என்று போடுங்கள்.

மேடைக் கலைஞர்:
கட்டை மாற்றம் என்றால் நாங்கள் பையிலிருந்து வேறு குழலை எடுப்போம். அவர்களும் அப்படிச் செய்வதுண்டே! 'சுருதி மாற்றம்' போதும், யாருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
சுருதி வடசொல். 'கேள்வி' என்ற பழஞ்சொல் உண்டு. கேள்வி மாற்றம்?

மேடைக் கலைஞர்:
வினாத்தாள் கசிந்துவிட்டது என்று நினைப்பார்கள், ஐயா.

இசைக்கல்லூரி மாணவி:
இடையில் ஒரு சந்தேகம். குழலுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்புவதை, நாதஸ்வரத்தில் போல, சீவாளி எனலாமா?

குழல் ஆசிரியர்:
கூடாதம்மா. சீவாளி நாணல், இரட்டை. இது ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் உலோக நாக்கு. அதனால்தான் அழுத்தி ஊதினாலும் மேல் ஸ்தாயி ஏறாது. எட்டு ஒன்பது சுரம்தான் கையில். பாட்டு அதற்குள் அடங்கவில்லை என்றால் 'ச'வை நகர்த்துகிறார்கள். உங்கள் சொல்லில் அந்த நகர்த்தல் தெரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. குழலையே மாற்றினால் 'கட்டை மாற்றம்', விரலால் மாற்றினால் 'சுருதி மாற்றம்'. மூவர் ஒப்பியதால் இப்படியே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'குரல்பெயர்ப்பு' என்றாவது அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். பண்ணைத்தானே பெயர்க்கக் கூடாது என்றார் குழல் ஆசிரியர், குரலை அல்லவே.