அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கண்டி டொக்டருக்கு எப்படிக் காட்டுவது?

உப்புவெளி மகள்:

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. சீனி, பிறஷர் இரண்டும் உண்டு. மாதாந்தக் கிளினிக் திருகோணமலையில். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றதால் தை மாதம் கண்டியில் ஓர் இதய டொக்டரைத் தனியாராகச் சனல் பண்ணினோம். விடிய நாலு மணி பஸ். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எல்லாம் தாண்டிப் போனால், டொக்டரிடம் நீட்ட எங்களிடம் இருந்தது ஒரு சொப்பிங் பேக். அதற்குள் கிளினிக் கொப்பி, கோடே தெரியாமல் மங்கிப்போன ஈசீஜீ துண்டுகள், நாலைந்து ரிப்போர்ட்.

ஐந்து நிமிடத்தில் அவர்தான் எதைப் புரட்டுவார்? இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் திரும்ப எழுதினார், மருந்தும் எழுதினார். பத்தாம் நாள் அம்மா குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பார்த்தால், கிளினிக்கில் பிறஷருக்குக் கொடுத்த லோசாட்டனும், கண்டியில் வேறு கம்பனிப் பெயரில் எழுதின லோசாட்டனும் சேர்ந்தே போயிருக்கிறது. ஒன்று வெள்ளை, மற்றது பச்சை. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்று. சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற கிரியேட்டினின் இங்கே 1.2. கண்டி ரிப்போர்ட்டில் 106. சிறுநீரகம் போய்விட்டது என்று அன்றிரவு அம்மா தூங்கவே இல்லை.

இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றில் இருப்பதை மற்றதில் பார்க்க வழியே இல்லையா? எல்லாவற்றையும் காட்டவும் அம்மாவுக்கு இஷ்டமில்லை. சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் மனநலக் கிளினிக்குக்குப் போனவர். அந்தப் பழைய பக்கங்களை நாலு மூலையிலும் ஸ்டேப்லர் அடித்து மூடி வைத்திருக்கிறார்.

கிண்ணியா பாமசிக்காரர்:

தங்கச்சி, முதலில் 106ஐப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஓர் ஆய்வுகூடம் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் போடும், மற்றது லீற்றருக்கு மைக்ரோமோலில் போடும். 1.2ஐ 88.4ஆல் பெருக்கிப் பாருங்கள், 106 வரும். இரண்டும் ஒரே அளவுதான். சீனியிலும் இந்தக் கூத்து உண்டு, அங்கே மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

மருந்துக்கு நான் கடையில் சொல்வதுதான்: கம்பனிப் பெயரை விடுங்கள், பெட்டியில் அதற்குக் கீழே சின்னதாக இருக்கிற மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எந்த டொக்டர் தந்தது. வெறும் அட்டைகளையும் எறிய வேண்டாம், கொண்டு போங்கள்.

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். அந்த மூடின பக்கத்தில் இருக்கிற மருந்து எதையாவது அம்மா இன்னும் எடுக்கிறாரா? அமிட்ரிப்டிலின் மாதிரி ஒன்றாக இருந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கையே மாற்றக்கூடியது. இதய டொக்டருக்குத் தெரியாமல் இருக்கவே கூடாது. அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள்.

பதிவறைத் தம்பி:

அக்கா, நான் வேறு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பக்கம் வேலை. அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நோயாளி விவரம் பதிகிற எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற மென்பொருள் இருக்கிறது. பி.எச்.என். என்று நோயாளிக்கு ஓர் எண்ணும் உண்டு. அம்மாவின் கொப்பியில் பார்கோட் ஒட்டியிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் தனியார் இடங்களில் ஆளுக்கொரு மென்பொருள்.

எண் ஒன்றானாலும் போதாது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே பாஷை பேச வேண்டும். எப்.எச்.ஐ.ஆர். என்ற உலகத் தரம் அதற்குத்தான். பாமசி அண்ணா சொன்ன குழப்பத்துக்கும் மருந்து இருக்கிறது. பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிற லோயிங்க் என்ற குறியீட்டு முறையில், மில்லிகிராமில் அளந்த கிரியேட்டினினுக்கு 2160-0, மோலில் அளந்ததற்கு 14682-9. குறியீட்டோடு போனால் 106ஐ 1.2ஓடு ஒப்பிட்டு எந்தக் கம்ப்யூட்டரும் பதறாது. ஸ்கான் படங்களுக்கு டைகொம் என்ற தரம் எப்போதோ வந்துவிட்டது. அதனால்தான் கொழும்பில் எடுத்த சீடியைக் கண்டியிலும் திறக்கலாம். சீடி போட ஓட்டை உள்ள லப்டொப்பைத் தேடுவது வேறு கதை!

இப்போதைக்கு, வாட்டில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட், கடைசி ஈசீஜீ, கடைசி மூன்று இரத்த ரிப்போர்ட், மருந்துத் தாள். இவ்வளவையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிப் போனில் வையுங்கள். ஈசீஜீயை வந்த அன்றே படம் எடுங்கள், அந்தத் தாள் சூட்டில் அச்சாகிறது, மங்கத்தான் செய்யும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உடல்நலத் தரவு விசேட வகைக்குள் வருகிறது. சித்தப்பா மாருக்கு அது தெரியாது.

மெல்பேர்ண் திருமலையான்:

இங்கே 2019 தொடக்கத்தில், வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் அரசாங்கமே மருத்துவ மின்பதிவு திறந்துவிட்டது. அம்மாவின் ஸ்டேப்லருக்கு இங்கேயும் ஒரு வடிவம் இருக்கிறது: குறிப்பிட்ட ஆவணத்துக்கு மட்டும் பூட்டுப் போடலாம், நாங்கள் யாருக்குச் சங்கேத எண் கொடுக்கிறோமோ அவர்தான் பார்ப்பார். உயிர் ஆபத்து என்றால் டொக்டர் பூட்டைத் தாண்டலாம். ஆனால் எந்த இடத்தில் இருந்து திறந்தார்கள் என்று பதிவாகும், நாங்களும் பார்க்கலாம். எங்கள் மாமி இன்னமும் கொப்பிதான் கொண்டு போகிறார்.

உப்புவெளி மகள்:

எல்லோருக்கும் நன்றி. பாமசி அண்ணா, கேட்டுப் பார்த்தேன். முதலில் "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு" என்றார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, நித்திரைக்கு என்று இரவில் பாதிக் குளிசை எடுக்கிறாராம், வழக்கமாக வாங்கும் கடையில் கேட்காமலே தருகிறார்களாம். நீங்கள் சொன்ன அதே அமிட்ரிப்டிலின். கண்டி டொக்டரின் நேர்சுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று இரவு அம்மா வெண்ணெய்க் கத்தியால் ஒரு பக்கத்து ஊசிகளை மட்டும் நெம்பி எடுத்தார். மருந்தின் பெயரையும் அளவையும் தன் கையாலேயே புதுத் தாளில் எழுதினார். எழுதி முடிந்ததும் ஸ்டேப்லர் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.